ஆறு சதவீத இழப்பு: ஒரு பிரஸ் விபத்தும் ஓர் இசைத்தட்டும்

திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடையிலுள்ள சிறு தகட்டுப் பட்டறைகளில் சேரும் பயிலுநர்களுக்கு, அவர்கள் பிரஸ் இயந்திரத்தின் அருகே போவதற்கு முன் நடத்தப்படும் இரண்டு நாள் பாதுகாப்பு வகுப்பைச் சில ஆண்டுகளாக நான் எடுத்து வருகிறேன். அங்கே பேசப்படும் விபத்துகள் பெரும்பாலும் நம் வட்டாரத்தில் நடந்தவை என்பதால் பெயரோ கம்பெனியோ சொல்ல முடிவதில்லை. சொன்னால் எதிரே உட்கார்ந்திருக்கும் பையன்களில் ஒருவனுக்கு அவர் சித்தப்பாவாக இருப்பார். பெயர், வயது, ஊர், நடந்த விதம், அதன் பிறகு அந்தக் கை என்ன செய்தது என்பது வரை ஒன்றையும் மறைக்காமல் சொல்லக்கூடிய விபத்து என்னிடம் ஒன்றுதான் உண்டு. அது 1965இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் நடந்தது. அடிபட்டவர் டோனி ஐயோமி. அப்போது வயது 17. ஐந்தாண்டுக்குள் அந்தக் கை வாசித்து வெளிவந்த இசைத்தட்டு, ‘பிளாக் சபாத்’ என்ற குழுவின் அதே பெயருடைய முதல் ஆல்பம். ஹெவி மெட்டல் என்று இன்று அழைக்கப்படும் இசை அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

வகுப்பில் அரைமணி நேரத்துக்குச் சுருக்கிச் சொல்லும் இந்த நிகழ்வை, பயிலுநர்கள் கேட்ட கேள்விகளையும் சேர்த்து, இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன்.

விபத்து

ஐயோமிக்கு ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. இசைக்குழு ஒன்றோடு ஜெர்மனிக்குப் போவதாக இருந்ததால் வேலையை விடுவதாகச் சொல்லியிருந்தார். விபத்து நடந்தது அவருடைய கடைசி வேலை நாளில். அவருக்கு வேண்டிய தகடுகளை வளைத்துக் கொடுக்கும் பிரஸ்ஸை வழக்கமாக இயக்குபவர் அன்று வரவில்லை. தகடு வந்தால்தான் வெல்டிங் நடக்கும் என்பதால், அந்த இயந்திரத்தில் பழக்கமே இல்லாத ஐயோமியை அதில் உட்காரவைத்தார்கள். மதிய உணவுக்கு வீட்டுக்குப் போனவர், இனித் திரும்பிப் போகவேண்டாம் என்று நினைத்திருக்கிறார். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று தாயார் திருப்பி அனுப்பியிருக்கிறார். பிற்பகலில் இயந்திரம் இறங்கி வலது கையைப் பிடித்தது. கையை அனிச்சையாக வெடுக்கென்று இழுத்தபோது நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் போய்விட்டன.

பிரஸ் வேலை தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் என்னை இந்த நிகழ்வில் முதலில் நிறுத்தியது. ஆள் வரவில்லை, உற்பத்தி நிற்கக்கூடாது, பக்கத்து வேலைக்காரன் பார்த்துக்கொள்வான் என்ற மூன்று வாசகங்களும் நான் வேலை பார்த்த பட்டறையில் தமிழில் சொல்லப்பட்டன. மிதியைக் காலால் அழுத்தினால் இறங்கும் பிரஸ்ஸில், கை உள்ளே இருக்கும்போது கால் தன் போக்கில் அழுத்துவதற்கு ஒரு கணம் போதும். இதற்காகத்தான் முன்னால் தடுப்பு வைக்கிறார்கள். அல்லது இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டும் இயந்திரம் இறங்குமாறு அமைக்கிறார்கள். தடுப்பு இருந்தால் துண்டு எண்ணிக்கை குறையும் என்று அதைக் கழற்றி மூலையில் சாத்தி வைப்பதும் உண்டு. எங்கள் பட்டறையில் அந்த மூலைக்கு ஒரு பெயரே இருந்தது. அதை இங்கே எழுதமுடியாது.

இந்த இடத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவன் ஆறுதல் சொல்வான்: “வலது கைதானே சார், கிடாருக்கு இடது கைதானே முக்கியம்?” ஐயோமி இடது கைப் பழக்கமுள்ளவர். இடது கையால் மீட்டி, வலது கை விரல்களால் தந்திகளை அழுத்தி வாசிப்பவர். ஆகவே போனது, சுரம் பிடிக்கிற கையின் நுனிகள்.

அட்டவணை சொல்வது

நம் நாட்டில் 2025 வரை நடப்பில் இருந்த, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, உடலின் எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கொள்ளவேண்டும் என்று வரிசையாகச் சொன்னது. எலும்பு போகாமல் நடுவிரல் நுனி மட்டும் துண்டிக்கப்பட்டால் 4. மோதிரவிரல் நுனிக்கு 2. ஒரு கணு முழுவதும் போனால் முறையே 7, 5. இங்கிலாந்தில் 1965இல் நடந்த விபத்துக்கு இந்த அட்டவணை பொருந்தாது. எனினும் கணக்குக்காக வைத்துப் பார்த்தால் ஐயோமியின் இழப்பு குறைந்த அளவாக 6 சதவீதம், கூடிய அளவாக 12 சதவீதம். அட்டவணையை எழுதியவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. எல்லா விரலும் எல்லார் கையிலும் ஒரே வேலையைச் செய்வதாகக் கொண்டால்தான் அட்டவணை போட முடியும். ஆனால் கிடார் வாசிப்பவனுக்கு அந்த 6 சதவீதம் நூற்றுக்கு மிக அருகில் இருக்கும். மருத்துவமனையில் அவரிடம் இனி வாசிக்க முடியாது என்றே சொல்லப்பட்டது.

வீட்டில் சோர்ந்து கிடந்தவரைப் பார்க்க வந்த தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். ஐயோமிக்குக் கேட்க மனமில்லை, மேலாளர் விடவில்லை. கேட்டு முடித்த பிறகு, வாசித்தவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் இயங்கா என்று சொன்னார். அவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். 1928இல் தீவிபத்தில் சிக்கி, மோதிரவிரலும் சுண்டுவிரலும் முடங்கிய பிறகு ஐரோப்பிய ஜாஸின் மிகப் பெரிய கிடார் கலைஞர்களில் ஒருவரானவர். எந்த மேலாளரும் நோயாளியைப் பார்க்க இசைத்தட்டோடு போவார் என்பதை எங்கள் பையன்கள் நம்புவதில்லை. ஆப்பிள் பழமும் ஹார்லிக்ஸும்தான் அவர்கள் கண்ட வழக்கம்.

பட்டறை வேலை

அடுத்து நடந்ததை இசை எழுத்தாளர்கள் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள்: அவர் விரலுறை செய்துகொண்டார். பிரஸ்ஸுக்கான டை என்ற அச்சுகளைச் செய்யும் டூல் ரூமில் கால் நூற்றாண்டு கழித்தவன் என்ற முறையில் எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதாது.

ஃபேரி லிக்விட் என்ற, பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் குப்பியை உருக்கினார். உருகியதை உருண்டையாக்கி ஆறவிட்டார். சால்டரிங் அயர்னைச் சூடாக்கி அந்த உருண்டையில் விரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டார். கத்தியால் செதுக்கி, உப்புத்தாளால் மணிக்கணக்கில் தேய்த்து, விரல் நுனியின் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் மட்டும் தந்தியின் மேல் வழுக்கியது. பழைய தோல் மேலங்கி ஒன்றிலிருந்து துண்டுகள் வெட்டி முனையில் ஒட்டினார். தோல் புதிதாக இருந்தால் தந்தியில் ஒட்டிக்கொள்கிறது, மிகவும் வழவழப்பானால் பிடிப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே வரும்வரை அதைத் தேய்த்தார். ஒவ்வொரு உறையும் அந்தந்த விரலின் காயத்துக்கு ஏற்ப வேறுவேறாக அமையவேண்டும். பெரிதாக இருந்தால் பாட்டின் நடுவே கழன்று விழும், இறுக்கமாக இருந்தால் வலிக்கும். அளவெடுத்தல், செய்தல், பொருத்திப் பார்த்தல், திருத்தல் என்று டை செய்கிறவன் கடக்கும் ஒவ்வொரு படியும் இதில் இருக்கிறது. வெல்டிங் கற்ற பையனின் கையில் அந்தப் பொறுமை முன்பே இருந்தது என்று நான் கருதுகிறேன்.

உறை தயாரான பின்பும் சிக்கல் முடியவில்லை. உறைக்குள் இருக்கும் விரலுக்குத் தந்தி தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைத் தொடுவுணர்வால் அறியமுடியாதபோது காதால்தான் அறியவேண்டும். கனமான தந்திகளை வளைக்க அந்த விரல்களால் முடியவில்லை. அக்காலத்தில் கிடாருக்கு மெல்லிய தந்திகள் எளிதில் கிடைக்கவுமில்லை. அவர் பேஞ்சோ என்ற வேறொரு கருவிக்கான மெல்லிய தந்திகளை வாங்கி, கிடாரின் மேல்சுரத் தந்திகளுக்குப் பதிலாகக் கட்டினார். பாகம் கிடைக்காத வண்டிக்கு வேறு வண்டியின் பாகத்தைக் கடைந்து பொருத்தும் புதுப்பேட்டை வழிதான் இது.

இங்கே ஒரு பிழையைத் திருத்தவேண்டியிருக்கிறது. விரல் வலிக்காமலிருக்கத் தந்திகளின் சுருதியை இறக்கிக் கட்டியதால்தான் முதல் ஆல்பம் அவ்வளவு கனமாக ஒலிக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். சுருதியை ஒன்றரைக் கட்டை இறக்கியது 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில். முதல் ஆல்பம் வழக்கமான சுருதியில் வாசிக்கப்பட்டது. ஆகவே அதன் கனத்துக்குக் காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

கனம் எங்கிருந்து வந்தது

கிடாரில் முழுமையான கூட்டுச் சுரத்தை வாசிக்கப் பெரும்பாலும் மூன்று, நான்கு விரல்கள் வெவ்வேறு தந்திகளில் துல்லியமாக அமரவேண்டும். ஐயோமி பெரிதும் நம்பியது காயமில்லாத ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும். இந்த இரண்டைக் கொண்டு எளிதில் பிடிக்கக்கூடியது அடிச்சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் சேர்ந்த இணை. இதை மேற்கத்திய இசையில் பவர் கார்டு என்பார்கள். வகுப்பில் இந்தச் சொல்லைக் கேட்டதும் பையன்கள் சுவரிலிருக்கும் பிளக்கைப் பார்ப்பார்கள். அது மின்கம்பி அல்ல என்று விளக்கிவிட்டுத்தான் மேலே போகமுடியும். எனக்குத் தெரிந்த எளிய விளக்கம் தம்புரா. ச–ப–ச. மேஜர், மைனர் என்று மகிழ்ச்சியையோ சோகத்தையோ தீர்மானிக்கும் காந்தாரம் அதில் இல்லை. தம்புராவில் அந்த இடம் வெறுமையாக விடப்படுவதால்தான் எந்த ராகமும் அதன் மேல் உட்காரமுடிகிறது. அந்த வெறுமையான இணையை ஆம்ப்ளிஃபையர் என்ற பெருக்கியின் உறுமலில் போட்டால் ஒலி குழம்பாமல் தடித்துக்கொண்டே போகும். காந்தாரத்தையும் சேர்த்துப் போட்டால் கரகரப்பில் குழம்பிவிடும். குறைந்த விரல்களால் பிடித்த சுரக்கூட்டுக்கும், பர்மிங்காமிலேயே தயாரான லேனி பெருக்கியின் முரட்டு ஒலிக்கும் அப்படிப் பொருத்தம் அமைந்துவிட்டது.

ஆல்பத்தின் முதல் பாட்டுக்கும் ஆல்பத்தின் பெயர்தான். மழை, இடி, தொலைவில் கோயில் மணி என்று அரை நிமிடத்துக்கு மேல் ஓடிய பிறகு, மூன்றே சுரங்கள் கொண்ட கிடார் வரி விழுகிறது: அடிச்சுரம், அதன் மேல்ஸ்தாயி, பிறகு இறங்கிவந்து நடுவில் ஒரு சுரம், அங்கேயே நின்று நடுங்குகிறது. ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் செவ்வாய்க் கோள் பற்றிய இசைப்பகுதியை பாஸ் கிடார் கலைஞர் கீஸர் பட்லர் வாசித்துக் கொண்டிருந்ததைக் கேட்டபின் ஐயோமிக்குத் தோன்றிய வரி அது. அந்த மூன்றாவது சுரம் அடிச்சுரத்திலிருந்து நிற்கும் தொலைவைப் பழைய ஐரோப்பிய இசைநூல்கள் ‘இசையில் சாத்தான்’ என்ற லத்தீன் தொடரால் குறித்தன. அதைக் கேட்ட மேற்கத்தியக் காது பதறியதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம்.

நம் கணக்கில் அது என்ன சுரம்? பிரதி மத்திமம். தாய் ராகங்களான எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் சரிபாதி, அதாவது 37 முதல் 72 வரை, அந்த மத்திமத்தை உடையவை. மாலைக் கச்சேரியில் எல்லார் முகமும் மலரும் கல்யாணி 65ஆவது. பெயரே மங்கலம். சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையே இங்கே ஒரு சாத்தானும் குடியிருந்ததில்லை. ஆகவே அச்சம் அந்த இடைவெளியில் இல்லை. அந்த இடைவெளியை எவ்வளவு மெதுவாக, எவ்வளவு தனியாக, பக்கத்துச் சுரங்களின் துணை இல்லாமல் நிறுத்தினார்கள் என்பதில் இருக்கிறது. கல்யாணியில் அந்த மத்திமம் காந்தாரத்தோடும் பஞ்சமத்தோடும் கைகோத்து வருகிறது. இங்கே அது இருட்டில் தனியாக நிற்கும் ஆளைப் போல நிற்கிறது. பாட்டின் சொற்களும் அதைத்தான் பேசுகின்றன: ஒருநாள் இரவு விழித்தபோது கட்டிலின் காலடியில் கரிய உருவம் நின்றதாகப் பட்லர் சொன்னதை வைத்தே, பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் அதை எழுதினார்.

பாட்டின் இறுதியில் வேகம் திடீரென்று மாறி ஓட்டம் பிடிக்கிறது. வியாசர்பாடியிலிருந்து வந்த பயிலுநன் ஒருவன், ஞாயிற்றுக்கிழமைகளில் மேளம் அடிக்கப் போகிறவன், அந்த இடத்தில் மேசையைத் தட்டி நிறுத்தினான். “சாவு எடுக்கும்போது தெருமுனை வந்ததும் அடி இப்டித்தான் சார் மாறும்” என்றான். டிரம்ஸ் வாசித்த பில் வார்டுக்கு அந்தத் தெருமுனை தெரியாது. அவர் ஜீன் க்ரூப்பா, பட்டி ரிச் முதலிய ஜாஸ் தாளக் கலைஞர்களைக் கேட்டு வளர்ந்தவர். ஆயினும் நடை போதும், இனி ஓட்டம் என்று உடல் அறிவிக்கும் அந்தத் திருப்பத்தைச் சுட்ட, அந்தப் பையன் சொன்னதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

நால்வரும் அவர்கள் ஊரும்

நால்வரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதிக்காரர்கள், 1948–49இல் பிறந்தவர்கள். போரில் குண்டு விழுந்த இடிபாடுகளுக்கும் ஆலைகளுக்கும் நடுவே வளர்ந்தவர்கள். ஆஸ்போர்ன் சில காலம் லூகாஸ் ஆலையில் கார் ஹாரன்களுக்குச் சுருதி சேர்த்தார். பிறகு இறைச்சிக்கூடத்தில் வேலை செய்தார். திருட்டு வழக்கில் ஆறு வாரம் சிறையும் இருந்தார். பட்லர் கணக்கர் பயிற்சியில் இருந்தவர். அதுவரை சாதாரணக் கிடார் வாசித்தவர், குழுவுக்காக பாஸ் கிடாருக்கு மாறினார். ஆஸ்போர்ன் குழுவுக்குள் வந்ததற்கு அவர் குரல் மட்டும் காரணமல்ல. தன்னிடம் சொந்த ஒலிபெருக்கி உண்டு என்று கடையில் விளம்பரம் ஒட்டியிருந்தார். அதை வாங்கக் கடன்பட்டது அவருடைய தந்தை. சொந்த மைக் செட் வைத்திருப்பவனுக்குக் கச்சேரியில் இடம் நிச்சயம் என்பதை ராயபுரத்திலும் காசிமேட்டிலும் யாரும் தனியாக விளக்கவேண்டியதில்லை.

ஆஸ்டனை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வட்டாரத்தின் இரும்பு நம் ஊருக்கு வந்திருக்கிறது. பர்மிங்காமுக்குத் தெற்கே ரெட்டிச் என்ற ஊரில் தயாரான ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் பாகங்களை இங்கே பூட்டி வண்டியாக்கும் நிறுவனம் 1955இல் சென்னையில் தொடங்கியது; அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில். இரண்டே ஆண்டுகளில் புல்லட்டுக்கான கருவிகளும் அங்கிருந்து இங்கே வந்தன. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது; வண்டி இங்கே ஓடிக்கொண்டிருந்தது. என் முதல் ஃபோர்மேன் அந்தக் கருவிகளைப் பார்த்துத் தொழில் கற்றவரிடம் தொழில் கற்றவர். அதனால்தானோ என்னவோ, இந்த இசைத்தட்டை முதல்முறை கேட்டபோது அது வெளிநாட்டு ஒலியாக எனக்குப் படவில்லை. இரண்டாம் ஷிஃப்டில் பிரஸ்கள் வரிசையாக இறங்கும்போது தரை வழியாகக் காலுக்கு வரும் அதிர்வு அதில் இருந்தது.

1968இல் சேர்ந்தபோது குழுவின் பெயர் வேறு. ‘எர்த்’ என்ற பெயரும் சில காலம் இருந்தது. அதே பெயரில் இன்னொரு குழு இருந்ததால் 1969 ஆகஸ்ட்டில் மாற்றிக்கொண்டார்கள். ஒத்திகை அறைக்கு எதிர்த் திரையரங்கில் ஓடிய பேய்ப் படத்தின் தலைப்பே புதிய பெயரானது. மக்கள் பணம் கொடுத்துப் பயப்படப் போகிறார்கள் என்றால் பயமுறுத்தும் பாட்டுக்கும் ஆள் வருவார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. இதில் மந்திரமும் இல்லை, மாந்திரீகமும் இல்லை. சந்தை அறிவு இருக்கிறது. இதற்கிடையே 1968 கடைசியில் ஐயோமி ஜெத்ரோ டல் என்ற வளர்ந்த குழுவுக்குப் போய்ச் சில வாரங்களில் திரும்பினார். திரும்பும்போது கொண்டுவந்தது ஒன்றுதான்: அங்கே காலையிலேயே ஒத்திகைக்கு வந்துவிடுகிறார்கள், நாமும் வரவேண்டும் என்ற ஒழுங்கு.

ஒன்றரை ஷிஃப்ட்

ஆல்பம் 1969 அக்டோபர் 16 அன்று லண்டனின் ரீஜென்ட் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்தில் பதிவானது. செலவு சுமார் 600 பவுண்டு. தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன். ஒலிப்பதிவாளர்களில் ஒருவர் டாம் ஆலம். மேடையில் வாசிப்பதைப் போலவே சேர்ந்து வாசித்தார்கள், ஆஸ்போர்ன் தனியறையில் நின்று உடன் பாடினார். பிறகு சேர்த்தவை மிகக் குறைவு: தொடக்கத்து மழையும் மணியும், இரண்டு பாட்டுகளில் இரட்டித்த கிடார்த் தனிவாசிப்பு. ஒலிக்கலவையின்போது குழு அங்கே இல்லை. அடுத்த கச்சேரிக்குக் கடல் கடந்து போயிருந்தது.

ஒரே நாளில் முடிந்ததை அற்புதம் என்று எழுதுவதை என்னால் ஏற்கமுடியவில்லை. அந்த நாளுக்கு முன் ஹாம்பர்க்கின் ஸ்டார் கிளப்பிலும் சூரிச்சிலும் ஒரே நாளில் பல அமர்வுகள் வாசித்து, இருக்கும் பாட்டுகளை நீட்டி நீட்டி நேரத்தை நிரப்பியவர்கள் அவர்கள். ஆல்பத்தின் கடைசியில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘வார்னிங்’ வேறொருவர் பாட்டு. அதன் நடுவில் கிடார் தனியாக அலையும் நீண்ட பகுதி அந்த மேடைகளில் வளர்ந்தது. எனக்கு அந்த அலைச்சல் சற்று அதிகம் என்றே படுகிறது. பாதியில் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் டை தயாராக இருந்தால் ஒரு ஷிஃப்டில் ஆயிரம் துண்டு அடிக்கலாம் என்பதைப் போல, ஒரு நாளில் ஓர் ஆல்பம் வந்ததற்கு அந்த மேடைகளே காரணம்.

பதிவின் நடுவிலும் ஒரு பழுது நேர்ந்தது. ஐயோமி கொண்டுவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், ‘விக்கெட் வேர்ல்டு’ பாட்டைப் பதிவு செய்த பிறகு பழுதானது. பழுது பார்க்க நேரமில்லை. மாற்றுக்கு வைத்திருந்த கிப்ஸன் எஸ்.ஜி. கிடாரை எடுத்து மீதி முழுவதையும் வாசித்தார். பின்னாளில் அவருடைய அடையாளமாகிவிட்ட கிடார் இப்படி மாற்று உதிரியாகத்தான் உள்ளே வந்தது.

வெளிவந்த பின்

பல நிறுவனங்கள் மறுத்த பிறகு, வெர்டிகோ 1970 பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமை ஆல்பத்தை வெளியிட்டது. அங்கே பதின்மூன்றும் வெள்ளியும் சேர்ந்தால் கெட்ட நாள். இங்கே வெள்ளிக்கிழமை கடை திறப்பார்கள். அட்டையில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் மேப்பில்டர்ஹம் நீராலையின் முன் கறுப்பு உடையில் ஒரு பெண். உள்ளட்டையில் குழுவைக் கேட்காமலே நிறுவனம் தலைகீழ்ச் சிலுவை ஒன்றை வரைந்திருந்தது. விமர்சகர்கள் ஏசினார்கள். ஆல்பம் பிரிட்டனில் எட்டாம் இடத்துக்கும், அவ்வாண்டு ஜூனில் அமெரிக்காவில் வெளியான பின் அங்கே இருபத்துமூன்றாம் இடத்துக்கும் ஏறியது.

எனக்கு அது பர்மா பஜாரில் ஒலிநாடாவாகக் கிடைத்தது. பெரம்பூரிலிருந்த நண்பனிடமும் ஒன்று இருந்தது. ஐந்தாவது பாட்டு எது என்று எங்களுக்குள் பெரிய சண்டை. என் நாடாவில் ஒன்று, அவன் நாடாவில் வேறு. ஆளுக்கு ஆள் போலி நாடா என்று பழித்துக்கொண்டோம். இரண்டும் சரியே என்பது பல ஆண்டு கழித்துத் தெரிந்தது: பிரிட்டன் பதிப்பில் ‘ஈவில் வுமன்’, அமெரிக்கப் பதிப்பில் அதற்குப் பதிலாக ‘விக்கெட் வேர்ல்டு’. அமெரிக்க உறையில் இன்னொன்றும் உண்டு. நீண்ட பாட்டுகளின் பகுதிகளுக்குத் தனித்தலைப்புகள் கொடுத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று, ‘கொஞ்சம் விரல்’ என்று பொருள்படும் ‘எ பிட் ஆஃப் ஃபிங்கர்’. ‘என்.ஐ.பி.’ என்ற பாட்டின் தலைப்பில் சாத்தானைத் தேடியவர்களும் உண்டு. பில் வார்டின் தாடி பேனா நிப்பைப் போல இருந்ததால் வைத்த கேலிப்பெயர் அது, அவ்வளவுதான்.

மதிப்பீடு

விபத்து நடக்காதிருந்தால் இந்த இசை பிறந்திருக்காது என்பது இந்நிகழ்வைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் முடிவு. வகுப்பில் இதை நான் அனுமதிப்பதில்லை. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நிறுத்தியதற்குக் காரணம் எங்கள் பட்டறையில் என் பக்கத்து இயந்திரத்தில் இருந்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். காலடிப்பேட்டையில் கேரம் ஆட்டத்தில் அவரோடு ஜோடி சேர வரிசையில் நின்றார்கள். அவருக்கும் நடுவிரல் நுனிதான் போனது. அவருக்கும் அன்று அது சொந்த இயந்திரம் இல்லை. அட்டவணைப்படி 4 சதவீதத்துக்கான தொகை வந்தது. ஸ்ட்ரைக்கரை ஆள்காட்டி விரலுக்கு மாற்றிக்கொண்டார், ஆடினார், முன்பைவிட அதிகம் தோற்றார். அதிலிருந்து புதிய ஆட்டம் எதுவும் பிறக்கவில்லை. பிரஸ்ஸுக்கு அவர் திரும்பவில்லை.

ஐயோமியின் நிகழ்வில் கணக்கிடவேண்டிய காரணங்கள் பல: விபத்துக்கு முன்பே கைக்கு வந்திருந்த வாசிப்பு, உருக்கவும் செதுக்கவும் தெரிந்த தொழில், வேலைக்குப் போகாமல் சில மாதம் வீட்டிலிருந்து தேய்த்துக்கொண்டிருக்க முடிந்த குடும்பச் சூழல், இசைத்தட்டோடு வந்த மேலாளர், அந்த விரல்களுக்கு ஏற்பத் தங்கள் வாசிப்பை மாற்றிக்கொண்ட மூன்று பேர். ஐயோமி தந்தியை வளைக்கும்போது பட்லரும் பாஸில் வளைத்துப் பின்தொடர்ந்ததால், ஒரு கிடார் மட்டுமே இருந்த குழு இரண்டு கிடார் அளவுக்குத் தடித்தது. இவற்றில் எதையும் பிரஸ் கொடுக்கவில்லை. பிரஸ் செய்தது எடுத்துக்கொண்டது மட்டும்.

தடுப்பு எங்கே என்ற கேள்விக்கு வகுப்பில் அதிக நேரம் ஒதுக்குகிறேன். ஆல்பத்துக்குக் கடைசிப் பத்து நிமிடம்.

2025 ஜூலை 5 அன்று நால்வரும் இருபது ஆண்டுக்குப் பின் ஒன்றாக, ஆஸ்டனின் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், தாங்கள் வளர்ந்த தெருக்களுக்குப் பக்கத்தில் வாசித்தார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்கமுடியாத ஆஸ்போர்ன் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று இறந்தார். அதற்கு அடுத்த வகுப்பில் அந்த நிகழ்ச்சியின் காணொளித் துண்டைப் போட்டேன். பையன்கள் ஆஸ்போர்னைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். வியாசர்பாடிப் பையன் என் கையிலிருந்து போனை வாங்கி, படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினான். எழுபத்தேழு வயதுக் கை, கிடாரின் கழுத்தைப் பிடித்திருந்தது. நடுவிரலிலும் மோதிரவிரலிலும் உறை.

“இன்னமும் மாட்டிக்கினுதான் வாசிக்கிறாரா சார்?” என்று கேட்டுவிட்டு, போனைப் பக்கத்திலிருந்தவனிடம் நகர்த்தினான்.